காலைக் கொஞ்சம் காட்டுங்கம்மா

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் இருந்தேன். கடை திறந்ததிலிருந்து பூட்டுகிறவரை நின்றுகொண்டே புடவை பிரித்துக் காட்ட வேண்டும். முகூர்த்த மாதங்களில் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடக்கூட முடியாது. ஆனால் அந்தக் கடை எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. வாங்க வந்தவர் வாய் ஒரு புடவையைக் கேட்கும், கண் வேறொரு புடவைமேல் போகும். கண் போகிற புடவையை எடுத்துப் போட்டால் வியாபாரம் ஆகும். இப்போது வீடு வீடாகப் போகும்போதும் அதைத்தான் செய்கிறேன். "நல்லாத்தான் இருக்குறேன்மா" என்று சொல்கிறவரின் கண் எங்கே போகிறது என்று பார்க்கிறேன்.

எங்கள் ஊர் மாகறலுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், செய்யாற்றை ஒட்டி இருக்கிறது. இரண்டாவது பெண் பிறந்த பிறகு நிற்கிற வேலை முடியாமல் வீட்டில் இருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர் எங்கள் தெருவுக்குத் தடுப்பூசி போட வந்தவர், வீடுகளுக்குப் போய் பிரஷரும் சுகரும் பார்க்க உள்ளூர்ப் பெண்களை எடுக்கிறார்கள், வருகிறாயா என்று கேட்டார். எனக்கு முன்னால் என் வீட்டுக்காரர் சரி என்றார். அவர் கொத்தனார். வெயிலில் நிற்காத வேலை எதுவாக இருந்தாலும் அவருக்கு நல்ல வேலை.

பயிற்சி கொடுத்தார்கள். பிரஷர் மெஷின், சுகர் பார்க்கிற மெஷின், மாத்திரைகள், பஞ்சு எல்லாம் போட்டு ஒரு பை கொடுத்தார்கள். கடைசி நாள் பயிற்சி முடிந்து கிளம்பும்போது சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எந்த வீட்டையும் விட்டுடாத. எங்க நிறுத்துனாலும் நின்னு, பாத்துட்டு வா" என்றார்.

அதை ஏன் என்னிடம் மட்டும் சொன்னார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீடு காலனியில் இருக்கிறது. வாய்க்காலைத் தாண்டினால் ஊர்த் தெரு. பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் அந்தத் தெரு வழியாகத்தான் போவோம். ஆனால் அங்கே ஒரு வீட்டுக்குள்ளும் நான் போனதில்லை. என் அம்மா அவர்களுடைய கழனியில் நாற்று நட்டவள். அவளும் தோட்டத்துப் பக்கம் வரைக்கும்தான் போயிருப்பாள்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய சமயத்தில் கொரோனா இன்னும் முழுசாக ஓயவில்லை. எல்லோரும் எல்லோரிடமிருந்தும் தள்ளி நின்ற காலம். மாஸ்க் போட்ட முகங்கள் வாசலிலேயே என்னை நிறுத்தின. எது நோய்க்குப் பயந்த தூரம், எது பழைய தூரம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது சௌகரியமாகக்கூட இருந்தது. பிறகு மாஸ்க் போனது. வீடுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சிலர் உள்ளே கூப்பிட்டு ஃபேன் போட்டார்கள். சிலர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நாற்காலி போட்டார்கள். மாடி வீட்டில் மட்டும் கேட் திறக்கவில்லை.

மாடி வீட்டுக்காரருக்கு நிலம் இருந்தது, செங்கல் ஜல்லி ஏற்றுகிற லாரிகள் இருந்தன, கட்சியில் ஒரு பொறுப்பும் இருந்தது. பெண்ணைச் சென்னையில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். வீட்டில் அவரும் அவர் மனைவியும்தான். அந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பிரஷர், சுகர் இரண்டும் உண்டு.

அந்த கேட்டின் மேல்பாதி கம்பி, கீழ்பாதி தகரம். அம்மா கம்பிகளுக்கு நடுவில் கையை நீட்டுவார். நான் வெளியில் நின்று அந்தக் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பேன். விரலில் குத்தி ரத்தம் எடுப்பேன். மாத்திரையைக் கம்பி வழியாகக் கொடுப்பேன்.

"நின்னுக்கினு பாத்தா பிரஷர் சரியா காட்டாதும்மா. அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்து, அப்புறம் பாக்கணும்" என்று ஒருநாள் சொன்னேன்.

அடுத்த மாதம் அவர் கேட்டுக்கு உள்பக்கம் தனக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார். நான் என் மொபெட்டுக்கு ஸ்டாண்டு போட்டு அதன்மேல் பக்கவாட்டில் உட்கார்ந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். பிரஷர் பார்ப்பதற்கு முன்னால் பேசக் கூடாது என்பது விதி. ஆனால் பார்த்த பிறகு பேசத் தடையில்லை. நான் வேலை செய்த கடையில்தான் அவர் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுத்திருக்கிறார். "அரக்குல மயில் பார்டர். நீதான் பிரிச்சிக் காட்டினியோ இன்னாவோ" என்றார். எனக்கு ஞாபகம் இல்லை. மயில் பார்டர் எத்தனையோ பிரித்திருக்கிறேன்.

"ராத்திரி தூக்கம் வருதாம்மா? கால் மரத்துப் போவுதா? பாதத்துல புண்ணு ஏதாவது?" என்று எல்லோரையும் கேட்பதுபோல் அவரையும் மாதாமாதம் கேட்பேன். தூக்கத்தைப் பற்றி நிறையப் பேசுவார். காலைப் பற்றி, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுவார். தகரத்துக்குப் பின்னால் இருந்த கால்களை நான் பார்த்ததே இல்லை.

வைகாசி முடிந்து ஆனி பிறந்த பிறகு ஒரு காலை நேரம் போனேன். மணி அடித்ததும் வழக்கமாக உடனே வருகிறவர் வெகுநேரம் கழித்து வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கையை நீட்டினார். மஞ்சள் வாசனை அடித்தது. அந்த வாசனைக்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்குறேன்."

அவர் கண் கீழே போய்விட்டு வந்தது.

"காலைக் கொஞ்சம் காட்டுங்கம்மா."

"ஒண்ணுமில்லம்மா. கொப்புளம். மஞ்சள் அரச்சிப் போட்டிருக்குறேன், ஆறிடும்."

"ஆறட்டும்மா. பாத்துட்டா எனக்கும் நிம்மதி."

போர்டிகோவில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்த அவர் கணவர் தலையைத் தூக்காமலே, "அங்கிருந்தே பாத்துட்டுப் போம்மா" என்றார்.

என் அம்மா கழனிக்காரர்கள் எல்லோரையும் போல அவரையும் 'ஆண்ட' என்றுதான் கூப்பிடுவாள். நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து 'சார்' என்றுதான் கூப்பிட்டேன். அவர் அதற்கு ஒன்றும் சொன்னதில்லை.

"கைன்னா கம்பி வழியா நீட்டலாம் சார். கால எப்படி நீட்டுறது?" என்றேன்.

கேலியாகச் சொல்லவில்லை. வாயில் வந்தது அதுதான். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆனால் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் இல்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. சிரித்துக்கொண்டே எழுந்து, தகரத்தைப் பிடித்துக்கொண்டு, அவரே தாழ்ப்பாளை நீக்கினார்.

போர்டிகோவில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, நான் தரையில் உட்கார்ந்து, கையுறை போட்டுக்கொண்டு பாதத்தை என் முழங்கால்மேல் தூக்கி வைத்தேன். மஞ்சளை மெல்லத் துடைத்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே, பாதத்தின் அடியில், தோல் உரிந்து பள்ளமாகியிருந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது. இவ்வளவு பெரிய புண்ணை நான் துடைக்கிறேன், அவர் முகம் சுளிக்கவில்லை.

"வலிக்கலையாம்மா?"

"வலிச்சா தெரியாதா? வலியே இல்லம்மா. அதான் சின்னப் புண்ணுன்னு விட்டுட்டேன்."

"எப்படி ஆச்சு?"

அவர் சொன்னார். மகள் நல்லபடியாகக் குழந்தை பெற வேண்டும் என்று வேண்டுதல். வைகாசி வெயிலில் காஞ்சிபுரத்துக் கோயிலில் பிராகாரம் சுற்றியிருக்கிறார். உச்சி நேரம். கருங்கல் தரை. கூட வந்தவர்கள் எல்லோரும் விரித்திருந்த சணல் விரிப்பைத் தேடி ஓடியிருக்கிறார்கள்.

"எல்லாரும் குதிச்சிக்கினு ஓடுறாங்க. என் நாத்தனாரு பாதி சுத்துலயே உக்காந்துட்டா. எனக்கு மட்டும் சுடவே இல்லம்மா. வெறுங்கல்லு மேல நிதானமா நடந்தேன். எல்லாரும் என்னையே பாத்தாங்க. சாமி என்னைத் தாங்குறாருன்னு நெனச்சேன். அழுதுக்கினே சுத்தினேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் அந்த நாளின் சந்தோஷம் இன்னும் இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பயிற்சியில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை. பையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து நூல்போலத் திரித்தேன்.

"கண்ண மூடிக்குங்கம்மா. நான் பாதத்துல தொடுறப்ப சொல்லுங்க."

கண்ணை மூடினார். பெருவிரலில் தொட்டேன். பாதத்தின் நடுவில், குதிகாலில், பிறகு அடுத்த காலில் தொட்டேன். அவர் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டிருந்தார்.

"தொடேம்மா" என்றார்.

"தொட்டுக்கினுதாம்மா இருக்கேன்."

அவர் கண்ணைத் திறந்தார். பாதத்தின்மேல் இருந்த பஞ்சைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அவர் கணவர் போனைக் கீழே வைத்திருந்தார்.

"அப்ப, சுடாம போனது..." என்று அம்மா ஆரம்பித்து நிறுத்தினார்.

"சுகர் ரொம்ப நாள் ஏறியிருந்தா கால்ல உணர்ச்சி போயிடும்மா. சுடுறது, குத்துறது எதுவும் தெரியாது. கல்லு சுட்டுதான் இருக்குது. கால் உங்களுக்குச் சொல்லல."

"சாமி இல்லையா அது?"

நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறவள். அவர் சாமியைப் பற்றி நான் என்ன சொல்வது. "சாமியப் பத்தி எனக்கு இன்னாம்மா தெரியும். கால பத்தித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. இப்பவே டாக்டர் பாக்கணும்" என்றேன்.

அவர் கணவர், காஞ்சிபுரத்தில் மீட்டிங் இருக்கிறது, சாயந்திரம் வந்து பக்கத்து ஊர் வைத்தியரிடம் அழைத்துப் போகிறேன், அவர் பச்சிலை வைத்துக் கட்டினால் போதும் என்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம், "உன் வண்டி ரெண்டு பேர இழுக்குமா?" என்று கேட்டார்.

"இழுக்கும்மா."

"வண்டியிலயா போற?" என்றார் அவர் கணவர்.

"ஆமா. நீங்க மீட்டிங் போயிட்டு வாங்க."

காலில் சுத்தமான துணியைச் சுற்றிக் கட்டி, அவரைப் பின்னால் ஒரு பக்கமாக உட்கார வைத்தேன். முதலில் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தெரு முனையில் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அவர் கை என் தோளுக்கு வந்தது. பிறகு அங்கேயே இருந்தது. ஊர்த் தெருவின் முழு நீளத்தையும் அப்படியே கடந்தோம். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடம் நிரம்பி வழிவதைக் கவனிக்காமல் எங்களைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் நேராக ஓட்டினேன். அவர் பின்னாலிருந்து, "மெதுவா போம்மா, புடவ சக்கரத்துல மாட்டிக்கப் போவுது" என்று மட்டும் சொன்னார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். புண்ணைப் பார்த்ததும், காஞ்சிபுரத்துக்கு இன்றைக்கே போக வேண்டும் என்று சொல்லி, அம்மாவின் கணவருக்குத் தானே போன் செய்தார். என்ன பேசினார் என்று தெரியாது. அவர் மீட்டிங்கை விட்டுவிட்டுக் காரோடு வந்தார். மனைவியைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைக்க அவருக்குத் தெரியவில்லை. நானும் சிஸ்டரும் உட்கார வைத்தோம்.

"நீயும் ஏறும்மா. கால் தொங்காம பாத்துக்க" என்று அவர் கணவர் என்னிடம் சொன்னார்.

பின் சீட்டில் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் இருக்கிற பிள்ளையார்பாளையத்துக்குள் குறுக்கு வழியில் நுழைந்தார். தறிக்காகக் காலையில் தெருவை அடைத்து நீட்டிக் கட்டிய பாவு நூல் இன்னும் சுருட்டி முடியாமல் கிடந்தது. அவர் ஹாரன் அடித்தார். பாவைச் சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அவர்கள் வேகத்திலேயே சுருட்டினார்கள். அவர் வண்டிக் கண்ணாடியில் மனைவியின் முகத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பதைப் பின்னாலிருந்து கவனித்தேன். அதுவரை அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருந்தது. இன்னும் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். சென்னையிலிருந்து மகள் மேடிட்ட வயிற்றோடு ஓடி வந்தாள். அம்மாவைவிட மகளைச் சமாதானப்படுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு போனேன் என்று சொன்னதும் குழாயை நிறுத்திவிட்டு வந்தார்.

"அவங்க கால நீ எதுக்குத் தொடணும்?"

"வேலைதானே."

"பிரஷர் பாக்குறது வேலை. எங்க அப்பா அந்த வீட்டு வாசல்ல கை கட்டிக்கினு நின்னவரு. உங்க அம்மா கால்ல விழுந்து கூலி வாங்கினவங்க. இப்ப நீ போய் அவங்க கால மடியில வெச்சிக்கினு உக்காந்திருக்க. கேட்ட இத்தினி நாளு திறக்காதவங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேச முடியவில்லை. அவர்மேல் கோபம் இல்லை, எனக்குள்ளேயே பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

மாதாந்திரக் கூட்டத்தில் என்னைப் போன்ற பெண்கள் பல ஊர்களிலிருந்து வருவார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது இதைச் சொன்னேன். கூரம் பக்கத்திலிருந்து வருகிற ஒருத்தி, "நாம யாருன்னு நெனக்கிற? மாத்திர கொண்டு போற போஸ்ட்மேன். குடுத்துட்டு வந்துக்கினே இருக்கணும், மனசுல ஏத்திக்கக் கூடாது" என்றாள். இன்னொருத்தி, "போஸ்ட்மேன்னா கதவத் திறப்பாங்களே. என்னைப் பாத்தா ஆம்பளைங்க பின்பக்கமா ஓடுறாங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். மூத்தவளாக இருந்த ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்து, "நீ காட்டச் சொன்னே, அவங்க காட்டுனாங்க. பழைய கதைல யாரு யாருக்குச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

அதை வீட்டுக்கு எடுத்துப்போனேன். "அவங்க சொல்லி நான் தொடல. நான் சொல்லி அவங்க நீட்டினாங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "வெரலு போனது போவட்டும், நடப்பாங்களா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா திரும்பியதும் தினமும் புண்ணைக் கழுவிக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. வீடுகளுக்கு வந்து படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கிற நர்ஸ் வாரம் ஒருமுறை வருவார். மற்ற நாள்களுக்கு வீட்டில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். மகள் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் இருந்தது அம்மாவின் கணவர் ஒருவர்தான்.

"நீயே வந்து கட்டிட்டுப் போயேம்மா. பக்கத்துலதானே இருக்குற" என்றார் என்னிடம்.

"எனக்கு இன்னும் வீடுங்க இருக்குது சார். நான் வராத அன்னிக்கு இன்னா பண்ணுவீங்க? இதுல கஷ்டம் ஒண்ணும் இல்ல. உக்காருங்க, காட்டுறேன்."

"எங்க உக்கார்றது?"

"கீழதான். நாக்காலியில உக்காந்தா கால் எட்டாது."

நர்ஸ் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெல்லத் தரையில் உட்கார்ந்தார். எனக்குப் பக்கத்தில். என் தோளுக்கும் அவர் தோளுக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. இரண்டு பேருக்கும் எதிரில் அந்த அம்மாவின் கால்.

அவர் கைகள் பெரியவை. கட்டுத்துணியை நுனி விரலால் பிடித்தார், அது அவிழ்ந்து உருண்டு வாசல்வரை ஓடியது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி கழுவி, மறுபடி புதுத் துணி. முதல் தடவை இறுக்கிக் கட்டினார். விரலை நுழைத்துப் பார்க்கச் சொன்னேன், நுழையவில்லை. அவிழ்க்கச் சொன்னேன். "ஒரு லோடு செங்கல்ல இறக்கிட்டுப் போயிடலாம்" என்று முனகினார். ஆனால் அவிழ்த்தார்.

நாலைந்து தடவைக்குப் பிறகு நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒருநாள் நான் போனபோது கட்டு முடிந்திருந்தது. அவர் பக்கெட்டில் வெந்நீர் கலந்து, தன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த காலைக் கழுவுவதற்காக. "அவளுக்குச் சூடு தெரியாது இல்ல, அதான்" என்று, நான் கேட்காமலே சொன்னார். விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக ஒத்தி எடுத்தார். அந்த அம்மா என்னைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. அன்று நான் பிரஷரை மட்டும் பார்த்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பினேன்.

எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். எனக்கு டீ வந்தது, பேப்பர் கப்பில் வந்தது. அவர்கள் தம்ளரில் குடித்தார்கள். நான் கவனித்ததை அம்மாவும் கவனித்தார். ஒரு மாதம் கழித்து மூன்று பேருக்கும் பேப்பர் கப்பில் டீ வந்தது. அது என்ன வகையான தீர்வு என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். டீயில் சர்க்கரை மட்டும் யாருக்கும் இல்லை.

புண் ஆற மாதங்கள் ஆயின. நடுவில் ஒருமுறை சீழ் வைத்து மறுபடி காஞ்சிபுரம் போனார்கள், நான் போகவில்லை, அம்மாவின் கணவரே அழைத்துப் போனார். புரட்டாசியில் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தை மாதத்தில் தோல் முழுசாக மூடியது. சுகர் நோயாளிகளுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்த செருப்பை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுத்தான் நடக்க வேண்டும். பூஜை அறைக்கு என்ன செய்வது என்று அம்மா கேட்டார். துவைத்த காலுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கோயிலுக்கும் அப்படியே போகலாம், காலை நேரத்தில் போங்கள், கல் குளிர்ந்திருக்கும் என்றேன். வேண்டுதலுக்கு நன்றி சொல்லக் குழந்தையோடு போய்விட்டு வந்தார். எனக்கும் பிரசாதம் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன்.

அம்மாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "நீ எல்லாரையும் வாயால கேக்குற, எல்லாரும் என்ன மாதிரி இல்லன்னு சொல்றாங்க. ஒருநாளு எல்லாரையும் உக்கார வெச்சிக் கால பாத்துட்டா இன்னா?" என்றார். சிஸ்டரிடம் சொன்னேன். அவர் டாக்டரிடம் கேட்டுச் சரி என்றார். இடம் எது என்பதுதான் பேச்சாக இருந்தது. ஊர்த் தெருவில் வைத்தால் எங்கள் தெருப் பெண்கள் வரமாட்டார்கள். எங்கள் தெருவில் வைத்தால் அவர்கள் வரமாட்டார்கள். அங்கன்வாடி வாய்க்காலை ஒட்டி நடுவில் இருக்கிறது. அங்கேயே வைத்துக்கொண்டோம்.

பெண்கள் வந்தார்கள். முதலில் இரண்டு கூட்டமாகத்தான் உட்கார்ந்தார்கள். சிஸ்டர், வந்த வரிசைப்படி உட்காருங்கள், இல்லாவிட்டால் குழப்பமாகும் என்று எழுப்பி உட்கார வைத்தார். அங்கன்வாடிச் சுவரில் முதுகைச் சாய்த்து எல்லோரும் காலை நீட்டினார்கள். மெட்டி போட்ட கால்கள், பித்தவெடிப்புக் கால்கள், சேறு காயாத கால்கள், மருதாணி வைத்த ஒரு கால். நான் ஒரு பக்கத்திலிருந்தும் சிஸ்டர் இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்த்துக்கொண்டு வந்தோம். கண்ணை மூடச் சொன்னால் சிலர் சிரித்தார்கள். "கூசுது கூசுது" என்று கத்தினாள் ஒருத்தி. கூசுவது நல்லது என்றேன்.

எங்கள் தெருவில் எனக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு பெண் நடுவில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அக்கா முறை. களை எடுக்க, நாற்று நட என்று தினமும் போகிறவள். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நான் ஐந்து இடத்தில் தொட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் கண்ணைத் திறந்து எல்லோருடைய முகத்தையும் பார்த்தாள்.

"இன்னா? எனக்கு இன்னா ஆச்சு?" என்றாள். குரல் உடைந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் மாடி வீட்டு அம்மா எழுந்து வந்தார். அவள் பக்கத்தில் சிமெண்ட் தரையில் உட்கார்ந்து, காலுறையைக் கழற்றி, தன் காலை அவள் காலுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தார். விரல் இல்லாத இடத்தில் தோல் பளபளவென்று இருந்தது.

"பாரு. எனக்கு வெரலு போனப்புறம்தான் தெரிஞ்சிது. உனக்கு ஒரு கீறல் இல்லாதப்பவே தெரிஞ்சிடுச்சி. நீ எதுக்கு அழுவுற? நான் நடக்குறேன் இல்ல?"

அக்கா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காலையில் வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வா, நானும் வருகிறேன், இனிமேல் செருப்பில்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது என்றேன்.

"அத்த போட்டுக்கினு சேத்துல எப்படிம்மா எறங்குறது?" என்று அவள் கேட்டாள்.

முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் கிடைக்கிறதாம் என்று சிஸ்டர் சொன்னார். சேறு உள்ளே போய்விடும் என்றாள் ஒருத்தி. மாடி வீட்டு அம்மா, "எங்க கழனிக்குத்தானே வர்ற. இந்தப் போகம் நீ வரப்பு மேல நின்னு நாத்து எடுத்துக் குடு, எறங்க வேணாம். நான் அவருகிட்ட சொல்றேன்" என்றார். வரப்பில் முள் இருக்கிறதே என்றாள் அக்கா. அதற்குத்தான் செருப்பு என்றார் அவர். இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டே இருந்தார்கள், ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுத்துக்கொண்டு.

அடுத்து உட்கார்ந்திருந்தவள் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் புதிதாகக் கொஞ்சம் பஞ்சு எடுத்துத் திரித்தேன்.